ஏவியவனும் இயற்றியவனும்: தசையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

நார்த்தாமலை மேலமலையில் பழியிலி ஈசுவரம் என்றொரு சிறிய குடைவரை இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டு. நிருபதுங்கவர்மப் பல்லவனின் 7ஆம் ஆட்சியாண்டில் விடேல்விடுகு முத்தரையரின் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தது என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. அவனுடைய மகள் பழியிலி சிறிய நங்கை முகமண்டபத்தைச் சேர்த்தாள். பக்கத்திலேயே விஜயாலய சோழீச்சுரம். பெயர் சோழனுடையது. ஆனால் சாத்தன் பூதி என்ற முத்தரையன் கட்டியது அது, மழையில் பழுதுபட்டபோது மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான் என்று கல் சொல்கிறது. ஆக நார்த்தாமலையின் பாறைகளில் பெயர்களுக்குக் குறைவில்லை. குடைந்த கைகளின் பெயர்தான் கிடையாது.

இந்தக் குறையைப் பலரும் சொல்லிவிட்டார்கள். பெயர் தெரியாத சிற்பிக்கு இரங்கல் பாடுவது நம்மிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நான் பேச வருவது வேறு. தமிழ் இலக்கணம் இந்த மறைப்பை அறிந்தே இருந்தது. மூன்றாம் வேற்றுமைக்குப் பொருள் சொல்லும்போது கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பிரித்துவிட்டு, கருத்தாவை மறுபடி இரண்டாக வகுக்கிறார்கள். ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா. பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் மனப்பாடம் செய்ததுதான். அரசன் கோயில் கட்டினான் என்றால் அவன் ஏவியவன். தச்சன் கட்டினான் என்றால் அவன் இயற்றியவன். பொதுவாகக் கல்வெட்டு மொழி பள்ளி வாக்கியத்தைவிட நேர்மையானது. எடுப்பித்த, செய்வித்த, குடைவித்த என்று பிறவினையில்தான் பேசும். அந்த 'வி' என்ற ஒற்றை எழுத்துக்குள் நூறு பேருடைய தோளும் முதுகும் அடைபட்டுக் கிடக்கின்றன.

தசையின் வரலாற்றை எழுதுவதென்றால் இந்த 'வி'யிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம், மேற்கத்திய உடற்கூற்றியல் தசையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அது சுற்றிச் சுற்றி வந்திருப்பதும் இதே கேள்வியைத்தான். அசைவுக்கு யார் கருத்தா? ஏவுவது எது, இயற்றுவது எது?

2

முதலில் சொல். எழுத்தில் தசை, பேச்சில் சதை. எழுத்துகள் இடம் மாறி நிற்பதற்கு இலக்கண உரைகள் காட்டும் உதாரணங்களில் தசை–சதை ஒன்று. விசிறி–சிவிறி, ஞிமிறு–மிஞிறு மற்றவை. எழுத்து மாறினால் பொருள் மாறாது என்பது இலக்கணக்காரர் கருத்து. நடைமுறையில் மாறிவிட்டது. 'ஆளு நல்லா சதை போட்டுட்டான்' என்றால் அவன் பெருத்துவிட்டான், உழைப்பு இல்லை என்று அர்த்தம். தசை என்றால் பயில்வான், பாடப்புத்தகம், மருத்துவமனை. ஒரே சொல்லின் இரண்டு வடிவங்களில் ஒன்று படித்தவர் வீட்டுக்கும் இன்னொன்று கசாப்புக் கடைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பேச்சு வழக்கு இன்னொரு நுட்பத்தையும் வைத்திருக்கிறது. கால் பின்புறத்துத் தசையைக் கெண்டைச்சதை என்கிறோம். நடுவில் தடித்து இருபுறமும் ஒடுங்கி, தோலுக்கடியில் துள்ளுவதால் அது கெண்டை மீன். இலத்தீனில் தசைக்கான சொல்லுக்குச் சுண்டெலி என்று பொருள். தோலுக்கடியில் ஓடும் எலியை அவர்கள் பார்த்தார்கள், நாம் மீனைப் பார்த்தோம். இரண்டுமே ஒன்றைத்தான் சொல்கின்றன: தசைக்குத் தனியாக ஓர் உயிர் இருப்பதுபோல் மனிதக் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

நரம்பு என்ற சொல்லும் இப்படித்தான். பழந்தமிழில் அது யாழின் தந்தி. கிரேக்கத்தில் நியூரான் என்பதும் முதலில் நாண்தான், வில்லின் கயிறும் யாழின் கயிறும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹீரோஃபிலஸ் பிணங்களை அறுத்துப் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் உணர்வையும் ஏவலையும் கொண்டுசெல்லும் நரம்புக்கு உரியதாகிறது. நம் பேச்சில் இந்தப் பிரிவினை இன்றுவரை நிகழவில்லை. சம்மட்டி பிடித்தவன் கையில் 'நரம்பு புடைச்சுக்கிட்டு நிக்குது' என்று நாம் சொல்லும்போது புடைத்திருப்பது இரத்தக் குழாய். தசைநார் என்ற சொல் ஒரு நூலில் தசையிழை, இன்னொன்றில் தசையை எலும்போடு கட்டும் கயிறு, மற்றொன்றில் எலும்பை எலும்போடு பிணைக்கும் பட்டை. இதைச் சொற்குழப்பம் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. உடம்பை அறுத்துப் பார்க்காமல், தொட்டும் அமுக்கியும் தடவியும் அறிந்த ஒரு பண்பாட்டின் சொற்கள் இவை. வெளியிலிருந்து தொடுகிற விரலுக்கு முறுக்கேறியதெல்லாம் நரம்புதான்.

சித்த மருத்துவம் உடலை ஏழு தாதுக்களாகப் பார்க்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். இதில் ஊன் ஒரு பொருள். எண்ணத்தக்க உறுப்பு அல்ல. ஒன்று பழுத்து அடுத்ததாகும் தொடரில் ஒரு கட்டம். சுசுருத சம்ஹிதை மட்டும் எண்ணுகிறது: தசைத்துண்டங்கள் 500, கைகால்களில் 400, நடுவுடலில் 66, கழுத்துக்கு மேல் 34. பெண்களுக்குக் கூடுதலாக 20. இன்றைய உடற்கூற்றியல் எலும்போடு இணைந்த தசைகளையே 600க்கு மேல் எண்ணுகிறது. எண்ணிக்கை நெருங்குகிறதே என்று பெருமைப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது, சுசுருதத்தில் தசைகளுக்கு எண் இருக்கிறது, செயல் இல்லை என்பதுதான். மூட்டையும் எலும்பையும் குழாயையும் மூடி, தாங்கி, வலுவூட்டுவது அவற்றின் வேலை. இந்தத் தசை சுருங்கினால் இந்த மூட்டு மடங்கும் என்ற பேச்சே அங்கில்லை.

3

கிரேக்கர்கள் மட்டும் ஏன் தசையை உற்றுப் பார்த்தார்கள்? ஷிகெஹிசா குரியாமா 1999இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விடை தருகிறார். சீன மருத்துவத்திலும் ஊன் உண்டு, தசை என்ற கருத்து இல்லை. கிரேக்கத்தில் தசையைப் பற்றிய அக்கறை, தானே தன்னை இயக்குகிற 'நான்' என்ற கருத்தோடு சேர்ந்து வளர்ந்தது என்பது அவர் வாதம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் காலன் தசையை விருப்பத்தின் உறுப்பாகவே வரையறுத்தார். இதயத் துடிப்பு என் விருப்பத்தில் இல்லை, நடை என் விருப்பத்தில் இருக்கிறது, நடையை நடத்துவது தசை என்று போகிறது அவர் தருக்கம்.

ஆனால் அதே கிரேக்க, ரோமானிய உலகில் அடிமைகளும் இருந்தார்கள். அவர்கள் தசை யார் விருப்பத்தில் அசைந்தது? விருப்பத்தின் உறுப்பு என்ற வரையறை ஏவுபவனுடைய உடலைப் பார்த்து எழுதப்பட்டது. இயற்றுபவனின் தசை இன்னொருவன் விருப்பத்தில் சுருங்குகிறது. காலனின் தருக்கத்தில் இந்த இரண்டாவது உடலுக்கு இடமே இல்லை.

1543இல் ஆந்திரேயஸ் வெசாலியஸ் தன் பெருநூலை வெளியிட்டபோது அதிலிருந்த தசை மனிதர்களின் படங்கள் ஐரோப்பாவைக் கலக்கின. தோலுரிக்கப்பட்ட மனிதன் இத்தாலிய நிலக்காட்சியின் முன் நிமிர்ந்து நிற்கிறான். பக்கத்துக்குப் பக்கம் தசைகள் உரிந்து தொங்க, கடைசியில் சுவரில் சாய்ந்து விழுகிறான். இந்தப் படங்களுக்கு உடல் எங்கிருந்து கிடைத்தது என்பது தெரிந்த கதை. தூக்கு மரத்திலிருந்து. இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டுச் சட்டம் கொலைக்குற்றவாளிகளின் உடலை அறுவைக்குக் கொடுத்தது. 1832ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கோரப்படாத உடல்களை, அதாவது ஏழையர் விடுதியில் செத்த தொழிலாளியின் உடலைக் கொடுத்தது. நம் மாநிலங்களின் உடற்கூறுச் சட்டங்களும் இந்தத் தடத்தில்தான் வந்தன. சுவரில் மாட்டியிருக்கும் தசை வரைபடம் பொதுவான மனித உடல் என்று நம்முன் நிற்கிறது. அந்தப் பொதுமைக்குத் தன் உடலைக் கொடுத்தவன் கூலிக்காரன். கோயிலைப் போலவேதான் இதுவும். மேலே எழுதியிருக்கும் பெயர் வேறு, உள்ளே கிடக்கும் உடல் வேறு.

1801இல் பாரிஸில் சேவியர் பிஷா பொது உடற்கூற்றியல் பற்றிய தன் நூலில் உறுப்புகளை விட்டுவிட்டுத் திசுக்களுக்கு வந்தார். உடல் முழுவதும் 21 வகைத் திசுக்களின் பின்னல் என்றார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. அறுத்தும் ஊறவைத்தும் வேகவைத்தும் காயவைத்தும் பிரித்தார். அடுத்த ஆண்டே, 30 வயதில் இறந்துபோனார். மருத்துவமனையின் பிறப்பு குறித்து மிஷல் ஃபூக்கோ 1963இல் எழுதிய நூலில் பிஷா மையமான இடம் பெறுவது தற்செயல் அல்ல. உயிரின் உண்மையைப் பிணத்தில் படிக்கும் பார்வை அவரிடம் முழுமை பெறுகிறது.

பிஷா தசைத்திசுவை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, உலகத்தோடு உறவாடும் வாழ்வுக்கான தசை. கை, கால், நாக்கு. மற்றது, உள்ளே ஓயாமல் நடக்கும் வாழ்வுக்கான தசை. குடல், பை, இதயம். இந்த இரண்டை மூன்றாக்கியது நுண்ணோக்கி. 1840இல் வில்லியம் பௌமன் விருப்பத் தசையின் இழையிலுள்ள குறுக்கு வரிகளை விரிவாக விளக்கினார். அதே பத்தாண்டில் ஆல்பர்ட் கோலிக்கர் வரியில்லாத தசை, கதிர் போன்ற தனித்தனிச் செல்களால் ஆனது என்று காட்டினார். இதயம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. வரி இருக்கிறது, விருப்பம் இல்லை. கட்டமைப்பில் கையின் பக்கம், நடத்தையில் குடலின் பக்கம். ஏவலுக்குக் கட்டுப்படாமலேயே நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை சுருங்கி விரியும் தசை அது. விருப்பம்/விருப்பமின்மை என்ற எதிரிணை குலைவது முதலில் இங்கேதான்.

4

இந்த அறிவு தமிழுக்குள் வந்த வழி மானிப்பாய் வழி. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1852இல் கட்டரின் உடற்கூற்று நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்ற பெயரில் வந்தது. கிரேயின் உடற்கூற்றியல் லண்டனில் வெளிவந்தது 1858இல். 1872இல் அது மனுஷ அங்காதிபாதம் என்று தமிழில் அச்சாகிவிட்டது. 14 ஆண்டு இடைவெளிதான். இன்று ஒரு மருத்துவ நூல் 14 ஆண்டுகளில் தமிழுக்கு வருமா என்று கேட்டுப் பார்த்தால், போன நூற்றாண்டுகளைப் பற்றி நாம் அலட்சியமாகப் பேசுவது எவ்வளவு அபத்தம் என்று தெரியும்.

அந்தப் பிரிவின் தொடர்ச்சியாக இன்றும் இரண்டு தமிழ்கள் இருக்கின்றன. இலங்கைப் பாடநூலில் வன்கூட்டுத் தசை, மழமழப்பான தசை, இதயத் தசை. தமிழ்நாட்டில் எலும்புத் தசை, மென்தசை, இதயத் தசை. இவை வடிவத்தையும் இடத்தையும் வைத்து இட்ட பெயர்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் புழங்கிய வேறொரு இணைதான் என்னை நிறுத்தி வைக்கிறது. இயக்குதசை, இயங்குதசை. ஒரு மெய்யெழுத்து வித்தியாசம். இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. விருப்பமின்றித் தானே நடப்பது இயங்குதசை. நான் நடத்துவது இயக்குதசை. ஐரோப்பா 'விருப்பம்' என்ற தத்துவச் சுமையோடு சொன்னதைத் தமிழ் வினைச்சொல்லின் இலக்கணத்தால் சொல்லிவிட்டது. எந்தப் பாடநூல் குழு இதைச் செய்திருந்தாலும் அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் இந்தச் சொல்லும் பழைய சிக்கலைத் தீர்ப்பதில்லை, மாற்றித்தான் வைக்கிறது. இயக்குதசை என்றவுடன் இயக்குபவர் யார் என்ற கேள்வி வருகிறது. வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வரித்தசை. நான் மூச்சை அடக்கலாம், இழுக்கலாம், பாடலாம். நான் தூங்கும்போதும் அது வேலை செய்கிறது. இயக்கு, இயங்கு இரண்டும் ஒரே தசை. பிராணாயாமம் முழுவதும் இந்த ஒரு தசையின் இலக்கண மயக்கத்தின் மேல் கட்டப்பட்டது எனலாம்.

மறுபுறம், தானே இயங்குவதைப் பற்றிய ஒரு தனிக் கோட்பாடே தமிழில் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல். நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடுகள். மயிர் சிலிர்ப்பதும் கண்ணீர் அரும்புவதும் போன்று, உள்ளத்து நிகழ்ச்சி உடம்பில் தானே புலப்படுவதுதான் மெய்ப்பாடு என்பது உரை மரபு. மயிர் சிலிர்ப்பது எப்படி? ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் மென்தசையால் ஆன ஒரு சிறு கட்டு இருக்கிறது. அச்சத்திலும் குளிரிலும் அது சுருங்க மயிர் நிமிர்கிறது. அதை வேண்டுமென்று செய்ய முடியாது. நடிக்கவும் முடியாது. நம் கவிதையியல் உண்மைக்குச் சாட்சியாக அழைத்தது, ஏவலுக்குக் கட்டுப்படாத இந்தத் தசையைத்தான். ஐரோப்பா 'நான்' என்பதை விருப்பத் தசையில் தேடியது. தமிழ்ப் பொருளிலக்கணம் அதை விருப்பமற்ற தசையில் கண்டது. இந்த வேறுபாட்டை நம் கோட்பாட்டாளர்கள் இன்னும் சரியாகப் பேசவில்லை.

5

இனித் தசையின் உள்கட்டமைப்பு. ஒரு எலும்புத் தசையை உறை உறையாகப் பிரித்தால் வெளியே ஒரு சவ்வு, உள்ளே கட்டுகள், கட்டுக்குள் இழைகள். ஒவ்வொரு இழையும் ஒரே செல்; ஆனால் பல உட்கருக்கள் கொண்டது. பருமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை, நீளமோ பல சென்டிமீட்டர். இழைக்குள் நுண்ணிழைகள். நுண்ணிழை நெடுகத் திரும்பத் திரும்ப வரும் சிறு அறைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.5 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் சுமார் 400 அறைகள். பௌமன் பார்த்த வரிகள் இந்த அறைகளின் அடுக்கு. அறைக்குள் தடித்த இழை மயோசின், மெல்லிய இழை ஆக்டின்.

தசை எப்படிச் சுருங்குகிறது? ஏதோ ஒரு ஆவி நரம்பு வழியாக வந்து தசையை ஊதிப் பெரிதாக்குகிறது என்று 17ஆம் நூற்றாண்டு வரை நம்பினார்கள். சுருங்கும்போது தசையின் கனஅளவு கூடுவதில்லை என்று ஸ்வாம்மர்டாம் தவளைத் தசையில் காட்டினார். இழைகள் சுருளுகின்றன, மடிகின்றன என்று பிறகு பலவும் சொன்னார்கள். 1954 மே மாதம் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடெர்கெர்கேயும் ஒன்று. ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றொன்று. எந்த இழையும் குட்டையாவதில்லை. ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகிறது. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன. தேர்வடம் பிடிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் குட்டையாவதில்லை, தேர் நகர்கிறது.

அதே 1954இல், அதே நேச்சரில், சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொல்லாஜனின் கட்டமைப்பை முன்வைத்தார்கள். தசையை எலும்போடு பிணைக்கும் நாணும், தோலும், சவ்வும் ஆன புரதம் அது. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு. அவர்கள் ஆராய்ந்தவற்றில் கங்காரு வாலின் நாணும் இருந்தது. அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அருகில் இருந்தது இந்த ஆய்வுக்கு வாய்ப்பாயிற்று. இழுக்கும் இழை லண்டன், கேம்பிரிட்ஜ் பக்கம், இழுபடும் கயிறு சென்னைப் பக்கம், இரண்டும் ஒரே ஆண்டில் விளங்கின. தோலையும் நாணையும் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்த சாதிகளின் அறிவு அந்தக் கட்டுரையில் எங்கும் வராது, வரவும் முடியாது. ஆனால் தோல் பதனிடுதல் என்ற தொழில் இல்லாமல் கொல்லாஜன் மேல் அரசுக்கு அக்கறை பிறந்திருக்காது.

கட்டமைப்பிலிருந்து மூன்று செய்திகளை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, தசையால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. நாம் தள்ளுவதாக நினைப்பது எல்லாம் எங்கோ ஒரு தசை இழுப்பதன் விளைவு. இரண்டு, விரலுக்குள் இயக்குதசை கிடையாது. விரலை மடக்குவதும் நீட்டுவதும் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள், நாண்களின் வழியே. உளி பிடித்த விரல் ஒரு பொம்மலாட்டம். மூன்று, பற்றுவதற்கு மட்டுமல்ல, விடுவதற்கும் சக்தி வேண்டும். மயோசின் தலை ஆக்டினை விட்டு விலக ஏடிபி மூலக்கூறு வந்து ஒட்ட வேண்டும். ஏடிபி தீர்ந்தால் தலை பிடித்த பிடியில் நின்றுவிடும். செத்த உடல் விறைப்பது இதனால்தான். ஓய்வு என்பது வேலையின் இன்மை அல்ல. அதுவும் தசைக்கு ஒரு செலவு. கூலிக் கணக்கு எழுதுகிறவர்களின் நோட்டில் இந்தச் செலவுக்குப் பத்தி கிடையாது.

6

மறுபடி நார்த்தாமலைக்கு வருகிறேன். மேலமலையில் சமணர் குடகு என்றழைக்கப்படும் குடைவரையில் திருமாலின் 12 உருவங்கள் சுவரில் வரிசையாக நிற்கின்றன. பன்னிரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே நிலை. எதிலும் தசை இல்லை. தோள் இருக்கிறது, மார்பு இருக்கிறது, தொடை இருக்கிறது. வழவழப்பாக, மூச்சால் நிரப்பியதுபோல. இந்தியச் சிற்பத்தின் உடல் மூச்சின் உடல், தசையின் உடல் அல்ல என்று கலை வரலாற்றாசிரியர்கள் பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அழகியலாக இதை ஏற்கிறேன். அரசியலாக ஏற்க ஒரு தயக்கம் உண்டு.

காரணம், நம் சிற்பிகளுக்குத் தசை தெரியாமல் இல்லை. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவுடையார்கோயிலுக்குப் போனால் குறவன், வேடன் உருவங்களில் நரம்பும் எலும்பும் தசையும் புடைக்கச் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். காரைக்கால் அம்மையாருக்கும் பேய்க்கும் விலா எலும்பு தெரியும். கடவுளுக்கும் அரசனுக்கும் தெரியாது. எனவே தசை தெரிவது ஒரு குறி. உழைக்கிறவன், காட்டில் அலைகிறவன், பட்டினி கிடப்பவள், ஊருக்கு வெளியே இருப்பவள், இவர்களுக்கே தசையும் எலும்பும். ஏவுகிறவனின் உடலுக்குத் தசை தேவையில்லை, அவனுக்காகச் சுருங்க வேறு தசைகள் இருக்கின்றன. கல்லை வழவழப்பாக்கிய சிற்பி தன் முன்கையில் இருந்ததைக் கல்லிலிருந்து நீக்கிக்கொண்டே வந்தான். கடவுளின் மென்மை, சிற்பியின் தசையால் தசையை அழித்துக் கிடைத்தது.

இலக்கணத்தில் கருவியும் இரண்டு வகை. முதற்கருவி, துணைக்கருவி. மண்ணால் குடம் செய்தான் என்பதில் மண் முதற்கருவி, குடமாகவே ஆகிவிடுகிறது. சக்கரத்தால் செய்தான் என்பதில் சக்கரம் துணைக்கருவி; வேலை முடிந்ததும் தனியே நிற்கிறது. தசை எந்தக் கருவி? ஏவுகிறவன் கண்ணில் அது துணைக்கருவி, நாளைக்கும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு கடின உழைப்பிலும் இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுகின்றன. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ விவரித்த துணைச்செல்கள் விழித்தெழுந்து அவற்றைச் சீராக்குகின்றன. சோறும் உறக்கமும் இருந்தால் இழை முன்னைவிடத் தடிக்கும். இல்லாவிட்டால் மெலியும். வயது ஏற ஏற இழந்ததை ஈடுகட்டுவது குறையும். தசை மெல்ல மெல்லக் கல்லுக்குள் போய்விடுகிறது. அது முதற்கருவிதான்.

7

சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்ற சொல் அடிக்கடி வருகிறது. கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. ஏரி, வாய்க்கால் பணிக்கு ஆள் கொடுப்பது, அல்லது அதற்கு ஈடாகக் கட்டுவது. அந்தச் சொல் இன்றைய பேச்சில் என்னவாகியிருக்கிறது பாருங்கள். 'சும்மா வெட்டியா உக்காந்திருக்கான்.' கூலி இல்லாத உழைப்பு, பயனில்லாத நேரம் என்று மாறிவிட்டது. யாருக்குப் பயனில்லை என்று கேட்க வேண்டாமா? செய்தவனுக்குத்தான். ஏரி இன்னும் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கல் இங்கிருந்து போனது என்று நார்த்தாமலையில் எல்லோரும் சொல்வார்கள். கல் எடுப்பது இந்தப் பக்கத்தில் அன்றோடு முடிந்துவிடவில்லை. வரிசையாகக் குழி வெட்டி ஆப்பு இறக்கிப் பாறையைப் பிளக்கும் முறை ஆயிரம் ஆண்டுக்கு மேல் பெரிதாக மாறாமல் வந்தது. மாறியது ஏவுதற் கருத்தா. முத்தரையன், சோழன், தொண்டைமான், பிறகு குத்தகைக்காரர். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அது கல்குவாரிகளில் எழுத்தில் மட்டுமே இருந்தது என்பதை 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஃபரிதாபாத் குவாரித் தொழிலாளர் வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிறிய இலக்கணப் புரட்சி நடந்தது. மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலத்தில், குவாரிகளில் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. அறிவொளி இயக்கத்தின் எழுத்தும் சைக்கிளும் அதே காலத்தில் வந்தன. ஏவுபவரும் இயற்றுபவரும் ஒருவரே ஆன அரிய கணம் அது. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, ஏற்பாடு நீடிக்கவில்லை. ஆனால் சைக்கிள் ஓட்டக் கற்றவர்களின் உடம்பிலிருந்து அதை யாரும் திரும்பப் பெற முடியவில்லை. முதலில் ஒவ்வொரு மிதியையும் நினைத்து நினைத்து மிதிக்கிறோம். பிறகு கால் தானே மிதிக்கிறது. இயக்குதசை பழக்கத்தால் இயங்குதசைபோல் நடந்துகொள்கிறது. விருப்பம் தசைக்குள் குடியேறிவிட்டது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். காலன் சொன்ன விருப்பத்தின் உறுப்பு என்பது இங்கேதான், குத்தகைக்காரர் கைவிட்ட குவாரிப் பாதையில்தான், முதன்முறையாக உண்மையாகிறது.

அதே பெண்களின் உடம்பில் இன்னொரு தசை, கருப்பை. மென்தசை. கருவுறும் முன் 50, 60 கிராம் இருப்பது பிரசவ நேரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அறுவைக் கூடத்தில் அவர் கற்ற உடலுக்கும் இந்த மண்ணில் கல்லும் கருவும் சுமந்த உடலுக்கும் நடுவிலிருந்த தூரத்தைக் குறைப்பதே அவர் பொதுவாழ்வின் பெரும்பகுதியாக இருந்தது. தசையைப் படித்தவர் சட்டமன்றத்துக்குப் போனதை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

இப்போது குவாரிகளில் கம்ப்ரசர், ஜாக்ஹாமர், கிரஷர். தசையின் வேலை குறைந்துவிட்டது என்பார்கள். குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. எந்திரம் கிளப்பும் நுண்ணிய கல்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் என்று பெயர், குணமாக்க மருந்து இல்லை. விறைத்துப்போன நுரையீரலை விரிக்க உதரவிதானம் ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது. கழுத்துத் தசைகளும் விலாத் தசைகளும் துணைக்கு வருகின்றன. பாறையைப் பிளந்த தோளின் வேலையை இப்போது மூச்சுத் தசை செய்கிறது, தூக்கத்திலும், கூலி இல்லாமலும். பழைய சொல்லில் சொன்னால் அதுதான் வெட்டி.

திருக்குறளில் வலியறிதல் என்று 48ஆம் அதிகாரம் இருக்கிறது. அங்கே வலி என்றால் வலிமை. அரசனுக்குச் சொன்னது. தன் வலியையும் மாற்றான் வலியையும் எடை போட்டுப் பார்த்துச் செயலில் இறங்கு என்பது செய்தி. நம் பேச்சில் வலி என்றால் நோவு. 'உடம்பெல்லாம் ஒரே வலி' என்பவரிடம் வலிமையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. ஏவுகிறவனிடம் வலிமையாக இருந்த சொல் இயற்றுகிறவனிடம் வந்து சேரும்போது நோவாகிவிட்டது. தசைக்குத் தமிழில் ஒரு வரலாறு எழுதுவதென்றால் இந்த ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் அதை எழுதியாக வேண்டும். மூன்று வகைத் தசைகளையும் பட்டியலிட்டு, படம் வரைந்து, பாகங்களைக் குறிக்கச் சொல்லும் நம் பாடநூல்கள் வலியறிதலின் இரண்டாவது பொருளை இன்னும் தொடவே இல்லை.